இடது பின்கதவு

ஆசுபத்திரியில் இரண்டு மணிக்கு வந்து அழைத்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். இன்பராஜ் காலை எட்டுக்கே காரின் இடது பின்கதவை விரியத் திறந்து, தரையில் கோணியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் பாலித்தீன் தாள் மார்கழிப் பனியில் நனைந்து தொங்கியது. ஓரத்து டேப்பை நகத்தால் நெம்பிக் கிழித்தான். நாற்பத்து மூன்று நாளாக அந்தத் தாள்தான் கண்ணாடி.

ஆம்பூர் பைபாஸிலிருந்து இறங்கி ரயில் பாதையைத் தாண்டினால், பாலாற்றுப் பக்கம் சரிகிற தெரு அது. காலை ஷிப்டுக்குப் போகிற பெண்களைக் கம்பெனி பஸ்கள் ஏழு மணிக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தன. தெருவில் தண்ணீர்க் குடங்களும் நாய்களும் வேலைக்குப் போகமுடியாத ஆட்களும்தான் மிச்சம். காற்றில், தோல் பதனிடுகிற தோல்ஷாப்களின் வாடை. அந்தத் தெருக்காரர்களுக்கு அது வாடையே இல்லை. ஆனால் இந்தக் காருக்குள் இருந்தது வேறு. அழுகிய முட்டை வாடை. சீட் கவரை உரித்து எரித்தாகிவிட்டது. சோப்புத்தூள், பினாயில், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுக் கழுவியும் ஆகிவிட்டது. வெயில் ஏறினால் பஞ்சுக்குள்ளிருந்து மறுபடி கிளம்பி வரும்.

கண்ணம்மாள் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்து நின்றாள்.

"இன்னாப்பா இன்பராஜி, வூட்டு வாசல்லயே ஒர்க்‌ஷாப் தொறந்துட்ட போல கீது? எங்கூட்டு மிக்சி ரெண்டு மாசமா பேஜார் பண்ணுது. அதையும் கொஞ்சம் பாரேன்."

"மிக்சி இல்ல அத்தே, உன் வாயத்தான் மொதல்ல ரிப்பேர் பண்ணணும்."

"பண்ணு, பண்ணு. பல்லுதான் நாலு கம்மி." சிரித்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கித்தான் இட்டுகினு வர்றீங்களா?"

"ஆமா அத்தே."

"ஆளு தெரியுதா அவனுக்கு?"

இன்பராஜ் அடுத்த ஓரத்து டேப்பை நெம்பினான். கண்ணம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அவன் அக்கா புருஷன் நவநீதன் தோல்ஷாப்பில் தோல் உருட்டுகிற டிரம் ஓட்டுகிறவன். கார்த்திகை மழையில் கழிவுத் தொட்டி மோட்டார் அடைத்துக்கொண்டது. இறங்கி எடு என்றார்கள். இறங்கினான், விஷவாயு அடித்துச் சாய்ந்தான். கூட வேலை செய்த சத்தார் கயிறு போட்டு மேலே இழுத்தபோது மூச்சு இருந்தது, நினைவு இல்லை. ஆம்புலன்ஸ் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வரவில்லை. ஷூ கம்பெனிக்குப் பெண்களை ட்ரிப் அடிக்கிற இன்பராஜின் கார் வாசலுக்கு வந்தது. அதில் போட்டுத்தான் வேலூருக்குப் போனார்கள். போகிற வழியில், மாதனூர் தாண்டி, சத்தார் ஜாக்கிக் கம்பியால் இந்தக் கண்ணாடியை உடைத்தார்.

நவநீதன் சாகவில்லை. மூளைக்குக் காற்று போகாமல் இருந்துவிட்டது என்றார் டாக்டர். இப்போது கண்ணைத் திறக்கிறான், யாரையும் பார்ப்பதில்லை. தொண்டையில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு, மூக்கில் விட்ட குழாய் வழியாகக் கஞ்சி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தொண்டை ஓட்டையில் தூசி படக்கூடாது, பனிக்காற்று படக்கூடாது. அதனால்தான் இன்றைக்கு இந்தக் கண்ணாடி.

இதை வீட்டு வாசலில் உட்கார்ந்து மாட்ட வேண்டியதில்லை. பைபாஸில் தெரிந்த மெக்கானிக் இருக்கிறான், அரை மணி நேர வேலை. காரைக் கழுவிக்கொண்டு வா, வாடை தாங்கல என்று அவன் ஒருமுறை திருப்பி அனுப்பியது உண்மை. இன்பராஜ் கேட்கிறவர்களிடம் அதைத்தான் சொன்னான். ஆனால் காரணம் அதுவல்ல. கதவுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதை வேறொருவன் உருவி எடுத்து, இது இன்னாய்யா என்று நாலு பேருக்கு நடுவில் தூக்கிக் காட்டுவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முக்கியமாக அக்கா பார்க்கக் கூடாது.

போன மே மாதம் இந்தக் கண்ணாடி ஓட்டத்தில் கடகடவென்று ஆடியது. கண்ணாடி ஏறி இறங்குகிற ஓரப் பள்ளத்தில் இருந்த ரப்பர் மக்கி உதிர்ந்துவிட்டிருந்தது. அக்கா செண்பகம் ஷூ கம்பெனியில் பதினாலு வருடமாக ஸ்கைவிங் மிஷினில் உட்காருகிறவள். தோலின் ஓரத்தைக் காகிதம் போலச் சீவி எடுக்கிறது அவள் வேலை. வேஸ்டில் போகிற ஆட்டுத்தோலில் இரண்டு பட்டை கொண்டுவந்து, கண்ணாடிக்கு அளவாகச் சீவி, ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் தடவிப் பள்ளத்துக்குள் ஒட்டிக் கொடுத்தாள். கண்ணாடி வெண்ணெய் மாதிரி இறங்கியது. அன்றைக்குத் தெருவே வந்து கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நவநீதன்கூட, "கார் கம்பெனிக்காரனுக்கு இந்த யோசன வர்ல பாரு" என்று பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

தோல் தண்ணீர் குடிக்கும். குடித்தால் ஊதும். அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது மே மாதம்.

"டேய், இன்னும் ஸ்குருவே கழட்டல? இன்னா பண்ணிகினு கீற?"

செண்பகம் வந்துவிட்டாள். கையில் டீயும் இரண்டு வரிக்கியும். குளித்து ஈரத்தலையை முடிந்திருந்தாள். நாற்பத்து மூன்று நாளில் கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ராத்திரி பகலாக ஆசுபத்திரி வராண்டாவில் படுத்தவள், நேற்றுதான் மகள் நந்தினியை அங்கே வைத்துவிட்டு, வீட்டைக் கழுவுவதற்காக வந்தாள்.

"நீ போய் கஞ்சிய பாருக்கா. இது ஆய்டும்."

"கஞ்சி ஆறிச்சி. கேவுரு மாவ வெள்ளத் துணியில மூணு வாட்டி வடிகட்டிட்டேன். கட்டி இருந்தா கொழாய் அடச்சிக்குமாம், அந்த சிஸ்டரம்மா சொல்லிச்சி. நவுரு, நான் புடிச்சிக்கிறேன்."

"புடிக்கறதுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல. சத்தார் பாய்தான் கண்ணாடி கொண்டாரணும்."

"வந்தா அவரால புடிக்க முடியுமா? அவரு கை டீ கிளாசயே புடிக்க மாட்டேங்குது."

அதற்குள் சத்தாரே வந்துவிட்டார். வேலூரில் பழைய கார் உடைக்கிற இடத்தில் வாங்கிய கண்ணாடி. போர்வையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் குழந்தை மாதிரி கொண்டுவந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். அன்றைக்குத் தொட்டியின் வாயில் தலையை விட்டுக் கயிறு போட்டவர். அதற்குப்பின் இரண்டு கையும் நடுங்குகிறது. வேலைக்குப் போகவில்லை.

"பஸ்ல ஒரு பொம்பள கேக்குது, பாய், கொழந்த அழவே இல்லியே, ஆம்பளயா பொண்ணான்னு. நான் சொன்னேன், கண்ணாடிம்மா, மூஞ்சி பாக்கறியான்னு."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு, கண்ணாடியை வாசலில் கிடந்த கட்டிலில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரப்பர் பீடிங்கும் கேட்டு வாங்கினேன் இன்பா. வேற வண்டியோடது, கொஞ்சம் தடி ஜாஸ்தி. அதான் கெடச்சிது."

"பரவால்ல பாய்."

இன்பராஜ் உடைந்த கைப்பிடியின் அடியில் பழைய துணியை விட்டு இழுத்தான். கிளிப் தெறித்து விழுந்தது. இரண்டு திருகு. பிறகு கதவின் உள்தட்டை ஓரமாக நெம்பினான். பட்பட்டென்று விட்டுக்கொண்டு வந்தது. உள்ளே கருப்பாகத் தகரம். அடியில் குவியலாக உடைந்த கண்ணாடி, உப்புக்கல் மாதிரி. கொஞ்சம் சேறும் காய்ந்து ஒட்டியிருந்தது. சாம்பலும் நீலமும் கலந்த நிறம். எந்தச் சேறு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

சத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசாமல் இருக்க அவரால் முடியாது. நாற்பத்து மூன்று நாளாகச் சொன்னதையே மறுபடி சொன்னார்.

"மாதனூர் வர்சொல்ல நெனவோடதான் இருந்தான் தங்கச்சி. நல்லா தெரியும் எனக்கு. கண்ணாடிய தட்டுனான். கைய மடிச்சி, டொக்கு டொக்குன்னு. அல்லா மேல ஆணை. நெனவு இல்லாதவன் தட்டுவானா?"

"சொன்னீங்க பாய்."

"அதான் சொல்றேன். நல்லா ஆய்டுவான்."

இன்பராஜ் கையைக் கதவுக்குள் விட்டான். உடைந்த துண்டுகளை வழித்து டப்பாவில் போட்டான். விரலில் கீறி ரத்தம் வந்தது. பிறகு ஓரப் பள்ளத்தைத் தடவினான். பட்டை அங்கேதான் இருந்தது. மழையில் ஊதி, பனியில் காய்ந்து, இப்போது கருவாடு போல முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"அக்கா, அந்த ஸ்பேனரு பொட்டி உள்ள கீது. எடுத்தாயேன்."

"எந்த ஸ்பேனரு?"

"பத்து. இல்ல, எல்லாத்தையும் எடுத்தா."

அவள் எழுந்து உள்ளே போனாள். இன்பராஜ் ஒரு பட்டையைப் பிடித்து இழுத்தான். சொல்யூஷன் விடவில்லை. அவள் போட்ட சொல்யூஷன் அப்படி. ஸ்குரூடிரைவரை விட்டுச் சுரண்டி இழுத்தான், பாதி வந்தது. காலை உதைத்து இழுத்தான். தகரத்தின் விளிம்பில் முழங்கை மோதியது. பட்டை முழுசாக வந்து, கையை விட்டுத் தெறித்து, கோணியைத் தாண்டி மண்ணில் விழுந்தது.

செண்பகம் பெட்டியோடு வாசல்படியில் நின்றிருந்தாள்.

இன்பராஜ் பாய்ந்து எடுக்கப் போனான். அவள் முந்திக்கொண்டாள். மண்ணைத் தட்டித் திருப்பினாள். பின்பக்கத்தில் சில்வர் பேனாவால் எழுதிய எண் இருந்தது. 41. ஸ்கைவிங் லைனில் ஒவ்வொருத்தியும் தான் சீவிய பீஸில் தன் நம்பரைப் போட வேண்டும், தப்பு வந்தால் யார் கை என்று தெரிவதற்கு. பதினாலு வருடப் பழக்கம். தம்பி கார் கதவுக்குச் சீவிய பட்டையிலும் போட்டுவிட்டிருந்தாள்.

கட்டை விரலால் பட்டையின் ஓரத்தைத் தடவினாள். எவ்வளவு ஊதியிருக்கும் என்று தோலைத் தொட்டால் அவளுக்குத் தெரியும்.

"கைப்புடி ஒடஞ்சிட்ச்சின்னு சொன்ன."

"கைப்புடியும்தான் ஒடஞ்சிச்சிக்கா."

"ஏன் ஒடஞ்சிச்சி?"

இன்பராஜ் ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"உன்னத்தான்டா கேக்கறேன். கண்ணாடி எறங்கலியா?"

"அக்கா, எனுக்கு முன்னாடியே தெரியும். மழ ஆரம்பிச்ச பத்து நாளா டைட்டா இருந்துச்சி. ட்ரிப்புல வர்ற பொண்ணுங்க சொல்லிச்சிங்க. வெயில் அடிச்சா சரியாய்டும்னு நாந்தான் வுட்டுட்டேன். உன் தப்பு இல்ல இது."

"கண்ணாடி எறங்கலியா?"

"எறங்கல."

சத்தார் எழுந்தார். "தங்கச்சி, இதுல ஒண்ணும் இல்ல. எல்லாம் குழியிலயே முடிஞ்சி போச்சி."

"முடிஞ்சவரு கண்ணாடிய தட்டுனாரா?"

சத்தார் கட்டிலில் மறுபடி உட்கார்ந்தார்.

"வலப்பக்கம் கண்ணாடி தொறந்துதான்மா இருந்துச்சி. ஆனா அவன் தல இந்தப் பக்கம். காலு என் மடியில. துணியெல்லாம் அந்தச் சேறு. அதுலேர்ந்து ஏறுது வாடை. எனக்கே கண்ணு இருட்டுது. இவன்கிட்ட சொன்னேன், அந்தக் கண்ணாடிய எறக்குடான்னு. நானும் எட்டி எட்டி சுத்தறேன், சுத்தறேன்…"

"கதவ தொறந்திருக்கலாமே."

"தொறந்தா தல கீழ வுழுந்துடும்னு நெனச்சோம்," என்றான் இன்பராஜ். "நிறுத்துனா லேட் ஆவும்னு நெனச்சேன். முன்னால ரெண்டு லாரி."

"எவ்ளோ நேரம்?"

"அக்கா…"

"எவ்ளோ நிமிஷம்டா, அவரு தட்டுனதுக்கும் நீங்க ஒடச்சதுக்கும்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

அவள் சத்தாரைப் பார்த்தாள். அவருக்குப் பொய் வராது. தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆம்பூர் தாண்டுன ஒடனே தட்ட ஆரம்பிச்சான்மா."

ஆம்பூரிலிருந்து மாதனூர் பத்து நிமிஷத்துக்குக் குறையாத ஓட்டம் என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

டாக்டரிடம் அவள் கேட்டிருந்தாள், எத்தனை நிமிஷம் சார் காத்து இல்லாம இருந்திருப்பாரு என்று. சொல்ல முடியாதும்மா, ஒவ்வொரு நிமிஷமும் கணக்குதான் என்றார் அவர். அன்றைக்கிலிருந்து அவள் தோல்ஷாப்காரர்களைத்தான் மண்ணை வாரித் தூற்றினாள். வாசலில் போய் நின்று கத்தினாள். அவர்கள் செய்தது செய்ததுதான், அதில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அந்த நிமிஷங்களில் சில இப்போது அவள் கையில், முறுக்கிக்கொண்டு, நம்பரோடு கிடந்தன.

"அத குடுக்கா. ஆத்துல கெடாசிட்டு வர்றேன்."

"கெடாசாத." பட்டையை மடித்தாள். மடியவில்லை. அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னொண்ணு உள்ள கீது பாரு. அதயும் எடு. மணி ஆவுது."

அழுவாள் என்று இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள். அவள் உள்ளே போய்த் தன் கத்தியை எடுத்து வந்தாள். சாணைக்கல்லில் எச்சில் தொட்டு நாலு இழுப்பு இழுத்தாள். சத்தார் கொண்டுவந்த தடித்த ரப்பர் பீடிங்கைத் தொடையில் வைத்துச் சீவினாள். பள்ளத்தில் விட்டுப் பார்த்தாள். எடுத்து மறுபடி சீவினாள். கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கி, மேலிருந்து கதவுக்குள் சாய்த்து இறக்கினாள். கீழே இன்பராஜ் கையை விட்டு, கண்ணாடியின் அடிவிளிம்பை, அதை ஏற்றி இறக்குகிற மிஷினின் தண்டவாளத்தில் உட்கார வைத்து, திருகை முடுக்கினான்.

"புடிச்சிக்கோ. இன்னும் கொஞ்சம் உன் பக்கம்."

"புடிச்சிகினுதான் கீறேன்."

"வுட்றாத."

"நான் எதுக்குடா வுடப்போறேன்?"

வாங்கி வைத்திருந்த கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். கண்ணாடி ஏறியது. இறங்கியது. ஏறியது.

"ஆய்ட்ச்சிக்கா."

"இரு."

செண்பகம் கண்ணம்மாள் வீட்டு வாசலுக்குப் போய், கேட்காமலேயே ஒரு குடத்தைத் தூக்கி வந்தாள். கண்ணாடியின் மேல் சாய்த்தாள். தண்ணீர் பள்ளங்களில் ஓடிக் கதவின் அடியில் ஒழுகியது.

"அய்யே, குடிக்கிற தண்ணிடி அது!" கண்ணம்மாள் ஓடி வந்தாள். "ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி வர்ற தண்ணிய காருக்கு ஊத்தறியே, உனக்கு…" செண்பகத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு தானே போய் இரண்டாவது குடத்தையும் தூக்கி வந்து கொடுத்தாள்.

அதையும் ஊற்றினாள். வாசல் மண் சேறாகியது. செண்பகம் அந்த ஈரத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம். நால்வரும் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். டீ ஆறிப்போயிருந்தது. சத்தார் ஒரு வரிக்கியை எடுத்து, கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். உதிர்ந்த தூளை எறும்பு இழுத்துக்கொண்டு போனது.

அவள் எழுந்து கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி இறங்கியது.

"இப்ப போலாம்," என்றாள்.

வேலூர் ஆசுபத்திரியில் நாலு பேர் சேர்ந்து நவநீதனைத் தூக்கிச் சீட்டில் வைத்தார்கள். டிரம் உருட்டிய உடம்பு. இப்போது தூக்க இரண்டு பேரே போதும் என்று இருந்தது. தலை இடது கதவுப் பக்கம் சாய்ந்தது. வேறு எப்படி வைத்தாலும் சரிந்தது. நந்தினி முன்சீட்டில் பையோடும் மருந்தோடும் ஏறினாள். செண்பகம் பின்னால், அவன் காலை மடியில் போட்டுக்கொண்டு, கை எட்டும்படி நெருங்கி உட்கார்ந்தாள். தொண்டை ஓட்டையின் மேல் ஈரத் துணி.

"கண்ணாடி ஏத்திட்டீங்களா?" என்று சிஸ்டர் குனிந்து பார்த்தாள். "தூசி படக்கூடாது, கவனம்."

"ஏத்திட்டோம் சிஸ்டர்."

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டினார்கள். ஆம்பூர் பக்கமாக லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. புதுக் கண்ணாடி சத்தமில்லாமல் நின்றது. வெயில் உறைத்ததில் சீட்டுக்குள்ளிருந்து அந்த வாடை மெல்லக் கிளம்பியது. இன்பராஜுக்கு முதலில் தெரிந்தது. பிறகு நந்தினி மூக்கைத் துப்பட்டாவால் மூடினாள்.

மாதனூர் கிட்டே வரும்போது சத்தம் கேட்டது.

டொக். டொக்.

இன்பராஜ் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். நவநீதனின் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் எழுந்து, விரல்கள் மடங்கி, கதவுக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது.

"அப்பா!" நந்தினி திரும்பினாள். "அம்மா, அப்பா கைய தூக்கறாரும்மா! தானா தூக்கறாரு!"

செண்பகம் அவன் மேல் கவிழ்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். ஒரே மூச்சில் சுற்றினாள். கண்ணாடி எங்கும் பிடிக்காமல் கடைசி வரைக்கும் இறங்கியது. காற்று அடித்துக்கொண்டு வந்தது. தூசி வந்தது. முந்தானையை இழுத்து அவன் தொண்டையைப் பொத்தினாள்.

"எறக்கிட்டேன்யா. பாரு, எறங்கிட்ச்சி. எறங்கிட்ச்சிய்யா."

கை நிற்கவில்லை. கண்ணாடி இல்லாத இடத்தில், வெறும் காற்றில், அதே மாதிரி தட்டிக்கொண்டிருந்தது.

இன்பராஜ் வண்டியை ஓரம் கட்டப் போனான்.

"நிறுத்தாத," என்றாள் செண்பகம். "ஓட்டு."

அவள் ஒரு கையால் முந்தானையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை விரித்து ஜன்னலில், கண்ணாடி இருந்த இடத்தில் வைத்தாள். மடங்கிய விரல்கள் அவள் உள்ளங்கையில் மோதின. ஆம்பூர் வரைக்கும் மோதிக்கொண்டே வந்தன.